கேஷ் டிரைவ் மாற்றிய பின் தரவை மீட்பது எப்படி

புது டிரைவைப் பொருத்தி, சர்வரை ஏற்றி, உலாவியில் அன்ரெய்டு பக்கத்தைத் திறக்கிறீர்கள். டாக்கர் பட்டியல் காலி. மீண்டும் நிறுவிப் பார்த்தால், ப்ளெக்ஸ் உங்களை யாரென்றே தெரியாததுபோல் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்கச் சொல்கிறது. நேற்றிரவு கைபேசியிலிருந்து ஏற்றிய படங்களைக் காணோம். நீங்கள் இந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

முதலில் மவுஸிலிருந்து கையை எடுங்கள். நான் பார்த்தவரை, கேஷ் மாற்றத்தில் தரவு நிரந்தரமாகத் தொலைவது டிரைவ் பழுதால் அல்ல. மாற்றிய பிறகு பதற்றத்தில் அழுத்திய இரண்டு பொத்தான்களால்: 'ஸ்டார்ட்', 'ஃபார்மட்'. பழைய டிரைவ் கையில் இருந்து, அதில் புதிதாக எதுவும் எழுதப்படாமலும் இருந்தால், மீட்க நிறைய வழி உண்டு. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு நிபந்தனையைக் காப்பதற்காகவே இந்த வரிசையில் உள்ளன. வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டளைகளையும் பொத்தான் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து என்று குறிப்பிட்ட இடம் தவிர மற்றதெல்லாம் சிறிய எழுத்து.

## கேஷில் என்ன இருந்தது?

அன்ரெய்டில் பாரிட்டி டிரைவ் காப்பது 'அரே'யில் உள்ள டிஸ்குகளை மட்டும்தான். கேஷ் அதற்கு வெளியே, தனிப் 'பூல்' ஆக நிற்கிறது. ஒற்றை டிரைவ் கேஷ் போனால் பாரிட்டியிலிருந்து எதையும் திரும்பக் கட்ட முடியாது. இந்த அளவு கோட்பாடு போதும்.

வழக்கமான அமைப்பில் கேஷில் நான்கு வகைப் பொருள் இருக்கும்:

- 'ஆப்டேட்டா': கன்டெய்னர்களின் அமைப்புகளும் தரவுத்தளங்களும். மீட்பில் முதல் முன்னுரிமை இதற்குத்தான்.
- 'டொமைன்ஸ்': மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள்.
- 'சிஸ்டம்': டாக்கர் இமேஜ் கோப்பும், மெய்நிகர் கணினிகளின் வரையறைகள் உள்ள லிப்வர்ட் இமேஜ் கோப்பும்.
- அரேக்குப் போகக் காத்திருந்த கோப்புகள். கேஷிலிருந்து அரேக்குக் கோப்புகளை நகர்த்தும் 'மூவர்' நிரல், நீங்கள் மாற்றாத வரை தினமும் அதிகாலை 3:40க்குத்தான் ஓடும். அதற்குப் பிறகு ஏற்றிய படங்கள், பதிவிறக்கங்கள் எல்லாம் பழைய டிரைவில்தான் இருக்கும்.

டாக்கர் இமேஜ் கோப்புக்காக வருந்த வேண்டாம். அதைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கன்டெய்னரையும் நீங்கள் நிறுவிய விதம் (போர்ட் எண்கள், ஃபோல்டர் வழிகள், கடவுச்சொற்கள்) பூட் யுஎஸ்பியில் தனி வார்ப்புருவாக இருக்கிறது. அது கேஷோடு போகாது.

## இன்னும் டிரைவை மாற்றவில்லையா?

அப்படியானால் மீட்பே தேவைப்படாது. இந்த ஏழு படிகளோடு முடித்துக்கொள்ளலாம்.

1. 'மெயின்' பக்கத்தில் ஃப்ளாஷ் டிரைவைத் தேர்ந்து, அதன் பேக்கப்பை உங்கள் கணினிக்கு இறக்குங்கள்.
2. 'செட்டிங்ஸ்' பக்கத்தில் டாக்கர் சேவையையும் மெய்நிகர் கணினிச் சேவையையும் 'நோ' ஆக்குங்கள். கன்டெய்னர்களைத் தனித்தனியே நிறுத்தினால் மட்டும் போதாது. சேவை ஓடினால் டாக்கர் இமேஜ் கோப்பு திறந்தே இருக்கும், திறந்த கோப்பை மூவர் தொடாது.
3. கேஷைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஷேருக்கும் நகர்த்தும் திசையைக் கேஷிலிருந்து அரேக்கு என்று மாற்றுங்கள். 2023இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து இது முதன்மைச் சேமிப்பு, இரண்டாம் சேமிப்பு என்ற இரு பெட்டிகளின் கீழ் இருக்கும். பழைய பதிப்பில் 'யூஸ் கேஷ்' என்பதை 'எஸ்' ஆக்க வேண்டும். 'ப்ரிஃபர்' வைத்தால் திசை நேர் எதிராகிவிடும்.
4. மூவரை ஓட்டுங்கள். முடிந்ததும் கேஷைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.
5. அரேயை நிறுத்தி, சர்வரை அணைத்து, டிரைவை மாற்றுங்கள்.
6. புது டிரைவை அதே பூல் பெயரில் ஒதுக்கி, ஃபார்மட் செய்யுங்கள்.
7. திசையைத் திருப்பி, மூவரை மீண்டும் ஓட்டி, கடைசியில் சேவைகளைத் தொடங்குங்கள்.

## மாற்றிவிட்டீர்கள், தரவைக் காணோம்: உடனே செய்ய வேண்டியவை

1. சர்வரை மறுதொடக்கம் செய்யாதீர்கள். 'டூல்ஸ்' பக்கத்தில் 'டயக்னாஸ்டிக்ஸ்' கோப்பை இறக்குங்கள். அன்ரெய்டின் பதிவேடுகள் நினைவகத்தில் இருப்பவை, மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். என்ன நடந்தது என்பதற்கான சாட்சி அதில்தான் இருக்கிறது.
2. டாக்கர், மெய்நிகர் கணினிச் சேவைகள் இரண்டையும் 'நோ' ஆக்குங்கள். காலியான கேஷின் மேல் கன்டெய்னர்கள் ஓடினால் ஒவ்வொன்றும் தனக்கொரு புது ஆப்டேட்டாவை உருவாக்கிக்கொண்டே போகும். பிறகு எது பழையது, எது புதியது என்று பிரிப்பதே பெரும்பாடு.
3. மூவரின் நேரத்தை மாதம் ஒருமுறை என்று மாற்றி, தேதியைத் தள்ளிவையுங்கள்.
4. 'டிஸ்க் செட்டிங்ஸ்' பகுதியில் அரே தானாகத் தொடங்குவதை நிறுத்துங்கள். அடுத்த முறை சர்வரை ஏற்றும்போது, எந்த டிரைவ் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க உங்களுக்கு அவகாசம் வேண்டும்.
5. 'மெயின்' பக்கத்தைப் படம் பிடியுங்கள். டிரைவ்களின் தொடர் எண்கள் தெளிவாகத் தெரியட்டும்.
6. ஃப்ளாஷ் பேக்கப் இல்லையென்றால் இப்போதே எடுங்கள்.
7. அரேயை நிறுத்தி, சர்வரை முறையாக அணையுங்கள்.

எச்சரிக்கை: டிரைவை ஒதுக்கும்போது, 'இந்த டிரைவில் உள்ள தரவு முழுவதும் மேலெழுதப்படும்' என்ற பொருளில் ஒரு வரி அதன் அருகில் தோன்றலாம். புது டிரைவுக்கு அது இயல்பு. பழைய டிரைவின் அருகில் தோன்றினால் அரேயைத் தொடங்கவே கூடாது. ஒதுக்கீட்டை நீக்கிவிட்டு வெளியே வாருங்கள். இந்த நூலில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், இந்த எச்சரிக்கையை வையுங்கள்.

## பெட்டியைத் திறக்கும் முன்

மின்கம்பியை உருவுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டு விஷயங்களில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளையின் கம்பிகள். ஒரு தயாரிப்பின் கம்பி இன்னொன்றில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே மின்னழுத்த வரிசை வேறாக இருக்கலாம். மாற்றிச் செருகினால் டிரைவ் அந்த நொடியே கருகும். அந்தப் பவர் சப்ளையோடு வந்த கம்பியை மட்டுமே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, எம்.2 துளை. பல மதர்போர்டுகளில் எம்.2 துளையில் டிரைவைச் செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தாமாகச் செயலிழக்கும். புது என்விஎம்இ டிரைவ் தெரிகிறது, அரேயின் டிஸ்க் ஒன்று திடீரெனக் காணவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். மதர்போர்டு கையேட்டில் எந்தத் துளை எந்தப் போர்ட்டைப் பகிர்கிறது என்ற அட்டவணை இருக்கும். டிஸ்கை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் அன்ரெய்டு தொடர் எண்ணை வைத்து அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

## நிலை 1: பழைய டிரைவ் நலமாக இருக்கிறது

பெரிதாக மாற்ற வேண்டும் என்றோ, முன்னெச்சரிக்கையாகவோ டிரைவை மாற்றியவர்கள் இந்த வகை. பழையதையே கேஷாகத் திரும்பப் பொருத்தி ஓட்டலாமே என்று தோன்றும். அதுவும் நடக்கும்தான். ஆனால் அப்படிச் செய்தால் அந்த டிரைவில் எழுதத் தொடங்கிவிடுவீர்கள். அதைப் படிக்க மட்டும் திறந்து, நகல் எடுத்துவிட்டு, பிறகு மற்றதை யோசிப்பதே என் பரிந்துரை.

1. பழைய டிரைவைக் காலியான போர்ட்டிலோ, யுஎஸ்பி உறையிலோ இணையுங்கள். சில யுஎஸ்பி உறைகள் டிரைவின் செக்டர் அளவை மாற்றிக் காட்டும். அப்போது டிரைவின் பார்ட்டிஷன் தெரியாது. தெரியவில்லை என்றால் நேரடிப் போர்ட்டில் பார்க்காமல் அதைப் பழுது என்று ஒதுக்காதீர்கள்.
2. சர்வரை ஏற்றுங்கள். பழைய டிரைவ் எந்தப் பூலிலும் ஒதுக்கப்படாமல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு அரேயைத் தொடங்குங்கள்.
3. 'அன்அசைன்டு டிவைசஸ்' செருகுநிரலை நிறுவுங்கள். பழைய டிரைவ் 'மெயின்' பக்கத்தின் கீழே தோன்றும்.
4. அதன் அமைப்பில் தானாக மவுன்ட் ஆவதை அணைத்து, 'ரீட் ஒன்லி' என்பதை இயக்குங்கள். பிறகு 'மவுன்ட்' அழுத்துங்கள். குறிமறையாக்கம் செய்த டிரைவ் என்றால் பழைய கடவுத்தொடரோ சாவிக் கோப்போ வேண்டும். அது இல்லாமல் யாராலும் திறக்க முடியாது.
5. ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள். ஆப்டேட்டா கண்ணில் பட்டதா? பாதிக் கிணறு தாண்டியாயிற்று.
6. 'மீட்பு' என்ற பொருளில் ஆங்கிலப் பெயரோடு ஒரு புது ஷேரை உருவாக்குங்கள். அதன் முதன்மைச் சேமிப்பு அரே மட்டுமாக இருக்கட்டும். நகல் நேராகப் புதுக் கேஷுக்குப் போகாமல், பாரிட்டி காக்கும் இடத்தில் முதலில் உட்காரட்டும். நேரம் கூடும்; அந்த நேரம் செலவழிக்கத் தகுந்தது.
7. டெர்மினலில் 'ஆர்சிங்க்' கட்டளையால் நகலெடுங்கள். ஒற்றைக் கோட்டுக்குப் பின் சிறிய ஏ, சிறிய வி, பெரிய எச், பெரிய எக்ஸ், பெரிய எஸ் ஆகியவற்றை ஒட்டி எழுதுங்கள். அடுத்து மூல ஃபோல்டர், அதற்கடுத்து இலக்கு ஃபோல்டர். முதல்முறை சிறிய என் எழுத்தையும் சேர்த்து ஓட்டினால் எதையும் நகலெடுக்காமல் பட்டியலை மட்டும் காட்டும். பட்டியல் சரியென்றால் என்னை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.
8. முடிந்ததும், அதே கட்டளையில் என், சி என்ற இரண்டையும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் ஒப்பிடும். கோப்புப் பெயர் எதுவும் பட்டியலில் வரவில்லை என்றால் நகல் முழுமை.

அந்த எழுத்துகள் எதற்கு? ஏ உரிமையையும் தேதியையும் காக்கும். எக்ஸ் கூடுதல் பண்புகளைக் காக்கும். எச் வன்இணைப்புகளைக் காக்கும். எஸ் மெய்நிகர் வட்டுக் கோப்புகளுக்கு முக்கியம்: 100 ஜிபி என்று பெயர் சொல்லிக்கொண்டு 18 ஜிபி மட்டும் இடம் பிடித்த கோப்பு, எஸ் இல்லாமல் நகலெடுத்தால் முழு 100 ஜிபியாக ஊதிவிடும்.

குறிப்பு: மூல ஃபோல்டர் பெயரின் முடிவில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் நகலாகும்; போடாவிட்டால் ஃபோல்டரே நகலாகும். ஆப்டேட்டாவுக்குள் இன்னொரு ஆப்டேட்டா முளைப்பது இந்தச் சாய்கோட்டால்தான்.

குறிப்பு: டெர்மினல் சாளரத்தை மூடாதீர்கள், மூடினால் நகலெடுப்பும் நிற்கக்கூடும். நின்றால் பதற வேண்டாம், அதே கட்டளையை மீண்டும் ஓட்டுங்கள். முடிந்த கோப்புகளை ஆர்சிங்க் தாண்டிப் போகும். மின்வெட்டு உள்ள ஊர் என்றால் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

எச்சரிக்கை: 'யூசர்' வழியிலிருந்து 'டிஸ்க்1', 'கேஷ்' போன்ற வழிக்கோ, அங்கிருந்து இங்கோ ஒருபோதும் நகலெடுக்காதீர்கள். இரண்டும் ஒரே கோப்பின் இரு முகங்கள். தன்மேல் தானே நகலாகி, கோப்பு பூஜ்ஜிய அளவுக்குச் சுருங்கும் ஆபத்து உண்டு. யூசரிலிருந்து யூசருக்கு, டிஸ்கிலிருந்து டிஸ்குக்கு என்று ஒரே வகைக்குள் நில்லுங்கள். அன்அசைன்டு டிவைசஸ் வழி இந்தச் சிக்கலுக்கு வெளியே உள்ளது. அங்கிருந்து எங்கும் நகலெடுக்கலாம்.

## நிலை 2: இரண்டு டிரைவ் கொண்ட பூல்

பிடிஆர்எஃப்எஸ் வகையில் ரெய்டு1 ஆக ஓடிய பூலில் ஒரு டிரைவை மட்டும் மாற்றியிருந்தால், மற்றதில் எல்லாத் தரவும் இருக்கும். காலியான இடத்தில் புதியதை ஒதுக்கி அரேயைத் தொடங்கினால் மறுகட்டுமானம் நடக்கும். அது முடியும்வரை அரேயை நிறுத்தக் கூடாது. அதுவரை நல்ல டிரைவ் ஒன்றுதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. அதனால் தொடங்கும் முன்பே ஆப்டேட்டாவை வெளியே நகலெடுத்து வையுங்கள்.

இரண்டு டிரைவையும் கழற்றிவிட்டு, பூல் காலி என்று தெரிந்த பிறகு பழையவற்றை மீண்டும் செருகியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அன்ரெய்டு பழைய ஒதுக்கீட்டை மறந்திருக்கும். இவற்றைப் புதிய டிரைவ்களாக நினைத்து அழிக்கத் தயாராக நிற்கும். அதற்கு வழி இது:

1. டாக்கரும் மெய்நிகர் கணினிச் சேவையும் அணைந்திருப்பதை மறுபடி பாருங்கள்.
2. அரே நின்றிருக்கும்போது, அந்தப் பூலின் எல்லா இடங்களையும் காலியாக்குங்கள்.
3. அரேயைத் தொடங்குங்கள். பழைய பூல் அமைப்பை அன்ரெய்டு முற்றிலும் மறக்கும். இங்கே அதுதான் நமக்கு வேண்டும்.
4. அரேயை நிறுத்துங்கள்.
5. பூலின் பழைய உறுப்பினர்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் ஒதுக்குங்கள். ஒன்றை இப்போது, மற்றதைப் பிறகு என்று வைக்காதீர்கள்.
6. எந்த டிரைவின் அருகிலும் மேலெழுதும் எச்சரிக்கை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். பூல் தன் பழைய தரவோடு எழும்.

எச்சரிக்கை தோன்றினால் அங்கேயே நிறுத்தி, ஒதுக்கீட்டை நீக்கிவிட்டு, நிலை 1 போலப் படிக்க மட்டும் மவுன்ட் செய்யும் வழிக்குப் போங்கள்.

## நிலை 3: 'அன்மவுன்ட்டபிள்' என்கிறது

டிரைவ் தெரிகிறது, கோப்பு முறைமை திறக்கவில்லை. பக்கத்தின் கீழே ஃபார்மட் பொத்தானும், அதற்கான ஒப்புதல் கட்டமும் தோன்றும். சிக்கலுக்குத் தீர்வு அதுதான் என்பதுபோல் அந்த இடம் தோற்றமளிக்கும். தீர்வு அல்ல. ஃபார்மட் செய்தால் டிரைவ் மவுன்ட் ஆகும், தரவு இருக்காது.

டிரைவ் உடல்நலத்தோடு இருக்கிறதா என்று முதலில் 'ஸ்மார்ட்' அறிக்கையில் பாருங்கள். சாட்டா டிரைவில் மாற்றியமைக்கப்பட்ட செக்டர்கள், நிலுவையில் உள்ள செக்டர்கள். என்விஎம்இயில் 'கிரிட்டிக்கல் வார்னிங்', ஊடகப் பிழை எண்ணிக்கை. இவை பூஜ்ஜியம் இல்லையென்றால் நிலை 4க்குப் போய் நகல் எடுத்துவிட்டுத் திரும்புங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் என்றால்:

1. அரேயை 'மெயின்டனன்ஸ்' முறையில் தொடங்குங்கள்.
2. கேஷ் டிரைவின் பெயரை அழுத்தி, கோப்பு முறைமைச் சோதனைப் பகுதிக்குப் போங்கள். பெட்டியில் சிறிய என் இருக்கும். அது பார்க்க மட்டும், திருத்தாது. அப்படியே ஓட்டி, முடிவைச் சேமியுங்கள்.
3. பெட்டியைக் காலியாக்கி மீண்டும் ஓட்டினால் பழுது நீக்கும்.
4. பதிவேட்டை அழிக்கப் பெரிய எல் வேண்டும் என்று அது கேட்கலாம். கடைசி நேரத்தில் எழுதப்பட்டவை இழக்கப்படலாம். நகல் கையில் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.
5. வழக்கமான முறையில் தொடங்கி, 'லாஸ்ட் ஃபவுண்டு' ஃபோல்டர் உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெயரிழந்த கோப்புகள் வெறும் எண்களாக அங்கே கிடக்கும்.

பிடிஆர்எஃப்எஸ் என்றால் அணுகுமுறை நேர்மாறு. அதன் 'செக்' கட்டளையில் 'ரிப்பேர்' சேர்ப்பது கடைசி ஆயுதம். முதலில் அதை எடுப்பவர்கள் ஓரளவு கெட்டதை முழுதாகக் கெடுத்துவிடுகிறார்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் 'ரெஸ்க்யூ=ஆல்,ஆர்ஓ' என்ற விருப்பங்களோடு மவுன்ட் செய்து பாருங்கள். திறந்தால் ஆர்சிங்க் போதும். திறக்காவிட்டால் 'பிடிஆர்எஃப்எஸ் ரெஸ்டோர்'. இது மவுன்ட் செய்யாமலே கோப்புகளை வெளியே இழுத்து வேறு இடத்தில் எழுதும், பழைய டிரைவைத் தொடாது. பெரிய டி சேர்த்தால் என்னென்ன கிடைக்கும் என்று பட்டியல் காட்டும். உண்மையாக ஓட்டும்போது சிறிய எம், சிறிய எக்ஸ், பெரிய எஸ் மூன்றையும் மறக்காதீர்கள்: எம் இல்லாவிட்டால் எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் மாறிவிடும், தரவுத்தளக் கன்டெய்னர்கள் திறக்க மறுக்கும்.

## நிலை 4: டிரைவ் செத்துக்கொண்டிருக்கிறது

வேகம் விழுகிறது, படிக்கும்போது பிழை வருகிறது, நடுவில் காணாமல் போய்த் திரும்புகிறது. இந்த டிரைவை மவுன்ட் செய்து கோப்பு கோப்பாகத் தேட வேண்டாம். ஒவ்வொரு வாசிப்பும் அதன் மிச்ச ஆயுளைத் தின்கிறது. மொத்த டிரைவையும் ஒரே மூச்சில் நகலெடுத்துவிட்டு, நகலின் மேல்தான் மற்ற வேலை.

1. வேறொரு கணினியை 'சிஸ்டம்ரெஸ்க்யூ' யுஎஸ்பியில் ஏற்றுங்கள். மொத்த டிரைவையும் நகலெடுக்கும் 'டிடிரெஸ்க்யூ' கருவி அதில் ஏற்கெனவே இருக்கிறது.
2. அதே அளவோ பெரிதோ ஆன டிரைவை இலக்காக இணையுங்கள்.
3. தொடர் எண்ணை வைத்து எது மூலம், எது இலக்கு என்று காகிதத்தில் எழுதுங்கள். கட்டளையில் மூலம் முதலில், இலக்கு இரண்டாவது, எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்பு மூன்றாவது. முதல் இரண்டை மாற்றிப் போட்டால் வெற்று டிரைவ் உங்கள் தரவின் மேல் எழுதப்படும். தட்டியதை வாய்விட்டுப் படித்த பிறகே என்டர்.
4. முதல் சுற்று சிறிய என், சிறிய எஃப் விருப்பங்களோடு. எளிதாகக் கிடைப்பதை எடுத்து, சிக்கலான பகுதிகளை விட்டுச் செல்லும்.
5. இரண்டாம் சுற்றில் என்னுக்குப் பதிலாக 'ஆர்3'. விட்டவற்றை மூன்று முறை முயலும். வரைபடக் கோப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

நகல் முடிந்ததும் அசலைக் கழற்றி வையுங்கள். பிடிஆர்எஃப்எஸ் அசலும் நகலும் ஒரே அடையாள எண் கொண்டவை. இரண்டும் ஒரே கணினியில் இருக்கும்போது மவுன்ட் செய்தால் கர்னல் குழம்பி இரண்டையும் கெடுக்கலாம்.

டிரைவ் பயாஸிலேயே தெரியவில்லை என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எதுவும் எஸ்எஸ்டிக்கு உதவாது. ஈரம் கூடுதல் கேட்டைத்தான் செய்யும். உள்ளே இருப்பது பணத்துக்கு மேலானது என்றால் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொடுங்கள், நீங்கள் முயலும் முன்பே.

## நிலை 5: ஃபார்மட் செய்தாகிவிட்டது

இங்கே உங்களுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டின் ஃபார்மட் கட்டளைகளும் எஸ்எஸ்டியில் இயல்பாகவே முழு டிரைவுக்கும் 'ட்ரிம்' அனுப்பிவிடும். இந்தப் பகுதிகள் இனி வேண்டாம் என்று டிரைவுக்கே சொல்லப்பட்டுவிட்டது. அதன் பிறகு மென்பொருளால் படித்தால் பெரும்பாலும் பூஜ்ஜியங்களே கிடைக்கும். மீட்பு மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன், அதன் இலவச ஸ்கேனில் உங்கள் கோப்புப் பெயர்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கேஷாக வைத்திருந்தால் நிலைமை வேறு. பெரும்பாலானவற்றில் ட்ரிம் இல்லை; மேலே எழுதப்படாதவை அங்கேயே இருக்கும். உடனே கழற்றி, டிடிரெஸ்க்யூ நகல் எடுத்து, இரண்டு கோப்பு முறைமைகளையும் படிக்கும் யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்ற மென்பொருளை நகலின் மேல் ஓட்டுங்கள்.

பழைய டிரைவில் எதுவும் மிஞ்சவில்லை என்றாலும் வீடு முழுவதும் எரிந்துவிடவில்லை. அரேயில் உள்ள படங்களும் திரைப்படங்களும் ஆவணங்களும் அப்படியே உள்ளன. 'ஆப்டேட்டா பேக்கப்' செருகுநிரலை முன்பே நிறுவியிருந்தால் அதன் கோப்புகள் அரேயில் எங்கோ இருக்கும், தேடுங்கள். இம்மிச்சின் புதிய பதிப்புகள் தரவுத்தள நகலைப் படங்கள் சேமிக்கும் இடத்திலேயே 'பேக்கப்ஸ்' ஃபோல்டரில் எழுதிவைக்கின்றன. படங்கள் அரேயில் இருந்தால் ஆல்பங்களும் பெயர்களும்கூடத் திரும்பும். நெக்ஸ்ட்கிளவுடில் தரவுத்தளம் போனாலும் கோப்புகள் கிடைக்கும்: புதிதாக நிறுவி, தரவு ஃபோல்டரைக் காட்டி, அதன் 'ஃபைல்ஸ் ஸ்கேன்' கட்டளையை ஓட்டினால் அவை மீண்டும் பட்டியலில் ஏறும். பகிர்வு இணைப்புகள் போல தரவுத்தளத்தில் மட்டும் இருந்தவற்றைத் திரும்ப உருவாக்க வேண்டும்.

## மீட்டதைத் திரும்ப வைத்தல்

தரவு 'மீட்பு' ஷேரில் பத்திரமாக வந்த பிறகுதான் புதுக் கேஷைப் பற்றி யோசிக்க வேண்டும்.

1. புதுப் பூலின் பெயர் பழைய பெயரேதானா? மாறியிருந்தால் பழைய பெயரையே வையுங்கள். கன்டெய்னர் அமைப்பில் வழி 'கேஷ்' என்று எழுதப்பட்டிருந்து, பூல் பெயர் 'என்விஎம்இ' என்று இருந்தால், டாக்கர் 'கேஷ்' என்ற ஃபோல்டரை நினைவகத்தில் தானாக உருவாக்கிக்கொள்ளும். எல்லாம் நன்றாக ஓடுவதுபோல் தெரியும். அடுத்த மறுதொடக்கத்தில் எழுதியது அத்தனையும் மறைந்திருக்கும்.
2. மாற்றத்துக்குப் பிறகு தவறுதலாக உருவான காலி ஆப்டேட்டா அரேயின் டிஸ்குகளில் இருக்கிறதா என்று ஒவ்வொரு டிஸ்காகப் பாருங்கள். இருந்தால் அழிக்காமல் பெயரை மாற்றி ஒதுக்குங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இரு இடங்களில் இருந்தால் ஷேரில் ஒன்று மட்டுமே தெரியும், மூவர் நிரலும் அவற்றைத் தொடாது.
3. ஷேரின் முதன்மைச் சேமிப்பாகப் புதுக் கேஷ் இருப்பதை உறுதிசெய்து, ஆப்டேட்டா, டொமைன்ஸ் இரண்டையும் 'மீட்பு' ஷேரிலிருந்து யூசர் வழியிலேயே அதே ஆர்சிங்க் எழுத்துகளோடு நகலெடுங்கள். லிப்வர்ட் இமேஜையும் எடுங்கள். டாக்கர் இமேஜை விட்டுவிடுங்கள்.
4. உரிமைகளைச் சரிசெய்வதாக நினைத்து 'நியூ பெர்மிஷன்ஸ்' கருவியை ஆப்டேட்டா மேல் ஓட்டாதீர்கள். போஸ்ட்கிரஸ், மரியாடிபி போன்றவை தமக்கெனத் தனி உரிமையாளர் எண்களை எதிர்பார்ப்பவை. எல்லாவற்றையும் ஒரே உரிமையாளராக்கினால் அவை தொடங்காது.
5. டாக்கர் சேவையை இயக்குங்கள். புது இமேஜ் உருவாகும். 'ஆப்ஸ்' பக்கத்தில் 'ப்ரீவியஸ் ஆப்ஸ்' பகுதிக்குப் போய் முன்பு இருந்தவற்றைத் தேர்ந்து நிறுவுங்கள். நீங்களே உருவாக்கிய டாக்கர் நெட்வொர்க் ஏதாவது இருந்திருந்தால், அது பழைய இமேஜோடு போயிருக்கும். நிறுவும் முன்பே அதே பெயரில் மீண்டும் உருவாக்குங்கள்.
6. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். தரவுத்தளங்கள் முதலில். ஒவ்வொன்றின் பதிவேட்டையும் படித்து, பிழையில்லை என்று பார்த்த பின் அதைச் சார்ந்த செயலி.
7. மெய்நிகர் கணினிச் சேவையை இயக்கி, ஒன்றை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.
8. கேஷில் காத்திருந்த படங்களையும் பதிவிறக்கங்களையும் அந்தந்த ஷேருக்கு நகலெடுத்து, மூவரின் நேரத்தைப் பழையபடி வையுங்கள்.

## பழைய டிரைவை எப்போது விடுவது?

அவசரமே வேண்டாம். தொடர் எண்ணையும் தேதியையும் எழுதிய தாளை அதன்மேல் ஒட்டி, நிலைமின்னைத் தடுக்கும் உறையில் போட்டு எடுத்துவையுங்கள். ஆனால் மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டி ஆண்டுக்கணக்கில் தரவைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். அது தற்காலிக உறுதி மட்டுமே.

எல்லாச் செயலிகளையும் வீட்டில் உள்ளவர்கள் ஒரு மாதம் புழங்கட்டும். விடுபட்ட கோப்பு எது என்று அவர்கள்தான் சொல்வார்கள். இதற்கிடையில் ஆப்டேட்டா பேக்கப் செருகுநிரலை நிறுவி, இலக்கை அரேக்கு வைத்து, வாரம் ஒருமுறை ஓடும்படி நேரம் குறியுங்கள். முதல் பேக்கப்பிலிருந்து ஒரு கன்டெய்னரை உண்மையிலேயே மீட்டுப் பாருங்கள். அது எழுந்து ஓடினால், பழைய டிரைவை முழுவதும் அழித்து, வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.